கோஜு-ரியூ சான்சின்: உடம்பை எவ்வளவு இறுக்க வேண்டும்?

#1 வெறுங்கை

ஒகினாவாத் தீவின் கராத்தே பாணியான கோஜு-ரியூ பழகுகிறவர்களிடம் ஒரு கேள்வி. சான்சின் கட்டாவில் (கட்டா என்றால் தனியாகச் செய்யும் அசைவு வரிசை) தொடக்கம் முதல் முடிவு வரை முழு உடம்பையும் கல் மாதிரி இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சுச் சத்தம் வாசல்வரை கேட்கும். வேறு சிலர், அப்படிச் செய்தால் ரத்த அழுத்தம் ஏறும், மூலம் வரும் என்கிறார்கள். இந்தப் பாணியைத் தொடங்கிய மியாகி சோஜுன் 65 வயதிலேயே காலமானதற்குச் சான்சின்தான் காரணம் என்றும் ஒரு பேச்சு உண்டு.

எது சரி? எந்தத் தசையை இறுக்குவது, எதை விடுவது, மூச்சு எங்கே உள்ளே, எங்கே வெளியே? பொதுவாகச் சொல்லாமல் அங்கம் அங்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 அசாதோ வாசல்

கீழிருந்து மேலே வருவோம், வெறுங்கை. சான்சினில் தப்பு தொடங்குவது பாதத்தில், கண்ணுக்குத் தெரிவது தோளில்.

இரு பாதங்களுக்கும் நடுவே தோள் அகலம். முன்கால் குதிகாலும் பின்கால் விரல் நுனியும் ஒரே குறுக்குக் கோட்டில் வர வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து அதன்மேல் நின்று பாருங்கள். பெரும்பாலோர் ஒரு சாண் நீளமாக நிற்பது அப்போதுதான் தெரியும். முன்பாதம் லேசாக உள்நோக்கி, பின்பாதம் நேராக முன்னே. எடை இரண்டு காலுக்கும் சரிபாதி. விரல்கள் தரையைப் பற்ற வேண்டும். நகம் வெளுத்துப்போனால் பிடி அதிகம் என்று அர்த்தம்.

முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கும். தொடைகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னால், பலர் முட்டியை மட்டும் உள்ளே சாய்த்துவிடுகிறார்கள். அப்போது பாதத்தின் உள்வளைவு தரையோடு அமுங்கும், முட்டியின் உள்பக்கம் வலிக்கும். இழுப்பு தொடையின் உள்பக்கத்திலும் இடுப்பிலும் இருக்க வேண்டும். முட்டிச் சில்லு எப்போதும் அந்தப் பாதத்தின் விரல்கள் பார்க்கும் பக்கமே பார்க்கட்டும்.

இடுப்பெலும்பின் அடி முன்னோக்கிச் சுருளும், வால் எலும்பு தரையைப் பார்க்கும். கீழ்முதுகின் குழிவு குறையும். ஆனால் முழுக்கத் தட்டையாக்கப் போய் மார்பு குழிந்து முதுகு கூனிவிடக் கூடாது. உச்சந்தலையில் ஒரு நூல் கட்டி மேலே இழுப்பது போல முதுகெலும்பு நீள வேண்டும், மோவாய் உள்ளே.

கைகள்: இரட்டைத் தடுப்பில் முஷ்டி தோள் உயரம், உள்ளங்கைப் பக்கம் தன்னை நோக்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே ஒரு முஷ்டி இடைவெளி. குத்துக்குக் கையை இழுக்கும்போது முஷ்டி அக்குளுக்குக் கிட்டே உயரமாக வரும். அங்கிருந்து போகும்போது முழங்கை விலாவை உரசிக்கொண்டே போக வேண்டும். சட்டைத் துணி உரசும் சத்தம் காதில் விழுந்தால் பாதை சரி. சத்தம் இல்லையென்றால் முழங்கை வெளியே விரிந்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்வி. இறுக வேண்டியவை: அடிவயிறு, புட்டம், தொடையின் உள்பக்கம், அக்குளுக்குக் கீழே முதுகின் பக்கத் தசை. தளர்ந்திருக்க வேண்டியவை: முகம், தாடை, தொண்டை, தோளின் மேல்பகுதி. இறுக்கம் எப்போதும் ஒரே அளவு இருக்காது. குத்து முடிகிற அந்தக் கணத்தில் உச்சம். கையை இழுத்து மூச்சு வாங்கும்போது பாதிக்கும் கீழே வரும். வடிவம் குலையாத அளவு போதும். முதல் அடியிலிருந்து கடைசி வரை ஒரே இறுக்கத்தில் இருப்பவருக்குக் குத்தில் கூட்டிக்கொடுக்க எதுவும் மிஞ்சாது.

#3 தசைநார்

இயன்முறை மருத்துவத்தின் பக்கமிருந்து நான்கு விஷயம் சேர்க்கிறேன்.

முதலாவது, கெடுதல் இறுக்கத்தால் மட்டும் வருவதில்லை. இறுக்கத்தோடு மூச்சும் பூட்டிக்கொள்ளும்போதுதான் ஆபத்து அதிகம். தொண்டையை அடைத்துக்கொண்டு வயிற்றை இறுக்கினால் மார்புக்குள் அழுத்தம் கூடும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். தொண்டையைத் திறந்ததும் அழுத்தம் சட்டென்று மாறும். கட்டா முடிந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் இதனால்தான். சோதிப்பது சுலபம்: உச்ச இறுக்கத்தில் நின்றபடி "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சாதாரணக் குரலில் எண்ணச் சொல்லுங்கள். எண்ண முடிந்தால் தொண்டை திறந்திருக்கிறது. குரல் நசுங்கினால் அந்த இறுக்கம் அவருக்கு அதிகம்.

இரண்டாவது, மூலம். அடிவயிற்றை இறுக்கு என்றால் நிறையப் பேர் மலம் கழிக்க முக்குவது போலக் கீழே தள்ளுகிறார்கள். மாதக்கணக்கில் தினமும் இப்படிச் செய்தால் பிரச்சினை வரத்தான் செய்யும். ஆசனவாயைச் சுருக்கி மேலே தூக்கும் உணர்வு இருக்க வேண்டும், சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல. அந்தத் தூக்கல் முதலில், வயிற்று இறுக்கம் அதற்கு அப்புறம். இந்த வரிசையைச் சொல்லிக்கொடுக்காமல் "வயித்தை இறுக்கு" என்று மட்டும் சொல்வதுதான் தவறு.

மூன்றாவது, உயர் ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கனமான இறுக்கத்தைத் தவிர்க்க வேண்டும். அதே கட்டாவை லேசான உடம்போடும் இயல்பான மூச்சோடும் செய்யலாம். நிலை, நடை, கையின் பாதை எல்லாம் அதிலேயே பழகிவிடும். எவ்வளவு போகலாம் என்பதை அவர்களுடைய மருத்துவர் சொல்லட்டும்.

கடைசியாக, மியாகி பற்றிய பேச்சு. 1888இல் பிறந்து 1953 அக்டோபர் 8இல் இறந்தார். ஒகினாவாப் போரில் குடும்பத்தில் சாவைப் பார்த்தவர், அருமை மாணவர் ஷின்ஸாதோ ஜின்ஆனையும் பறிகொடுத்தவர். போருக்குப் பின் பட்டினியும் அலைச்சலும் பட்ட தீவு அது. ஒரு மனிதரின் சாவை ஒரு கட்டாவின் தலையில் கட்டுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

#4 திறந்த கை

உவேச்சி-ரியூ என்ற இன்னொரு ஒகினாவா கராத்தே பாணியின் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. எங்களுக்கும் அடிப்படை சான்சின்தான். ஆனால் கை திறந்திருக்கும், விரல் நுனியால் குத்து, உறுமுகிற மூச்சு கிடையாது. எங்கள் பாணியைத் தொடங்கிய கான்பூன் உவேச்சி தென்சீனாவின் ஃபுஜியானில் கற்று வந்தது இந்த வடிவம். மியாகியின் ஆசிரியர் ஹிகாஒன்னா கான்ரியோ அதே ஃபுஜியானின் ஃபூஜோ நகரிலிருந்து கொண்டுவந்ததும் திறந்த கைதான் என்று உங்கள் வழியிலேயே சொல்கிறார்கள். அப்படியிருக்க, மூடிய முஷ்டியும் மெதுவான இறுக்கமும் பின்னால் வந்த சேர்க்கை. ஆதி வடிவத்தில் இல்லாத ஒன்றை எவ்வளவு செய்வது என்று அளந்துகொண்டிருப்பதைவிட, திறந்த கைக்குத் திரும்பிவிடுவதே மேல் என்பது என் எண்ணம். முஷ்டியை இறுக்கினால் முன்கை இறுகும், முன்கை இறுகினால் தோள் ஏறும். திறந்த கையில் அந்தச் சங்கிலியே கிடையாது.

#5 பதிவேடு

திறந்த கை சொல்வதில் வரலாறு சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

ஹிகாஒன்னா கான்ரியோ (1853–1915) நாஹா துறைமுக ஊர்க்காரர். ஃபூஜோவில் ரியூ ரியூ கோ என்று ஒகினாவாவில் அறியப்படும் ஆசிரியரிடம் பழகினார். அவருடைய சான்சின் திறந்த கையோடு, இன்றையதைவிட வேகமாக இருந்தது என்பது ஒகினாவாவில் வழிவழியாகச் சொல்லப்படுவது. மியாகி 1902இல் அவரிடம் சேர்ந்தார், ஆசிரியர் மறையும்வரை கூட இருந்தார். அதே ஆசிரியரிடம் பழகிய மபுனி கென்வா பிறகு ஷிதோ-ரியூ என்ற பாணியைத் தொடங்கினார். கான்பூன் உவேச்சி (1877–1948) தனியாக ஃபுஜியானுக்குப் போய் வேறொரு வழியைக் கொண்டுவந்தார்.

ஆனால் மியாகி மூடிய முஷ்டியை மட்டும் தனியாக விட்டுவைக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் தென்ஷோவை உருவாக்கினார்: அதே நிலை, அதே மூச்சு, ஆனால் கை முழுக்கத் திறந்து, மணிக்கட்டு சுழன்று குழைந்து வேலை செய்யும். ஒன்று எங்கே இறுகுவது என்று கற்றுத்தருகிறது, மற்றது எங்கே விடுவது என்று. இரண்டையும் சேர்த்துப் பழகினால் திறந்த கை சொல்லும் தோள் ஏறும் பிரச்சினை தானே அடங்கும். சான்சினை மட்டும் வருடக்கணக்கில் செய்து தென்ஷோவைக் கறுப்புப் பெல்ட்டுக்கு அப்புறம் என்று தள்ளிப்போடும் பழக்கம்தான் விறைத்த உடம்புகளை உண்டாக்குகிறது.

#6 வெறுங்கை

நன்றி அசாதோ மாஸ்டர், தசைநார். மூச்சு பற்றி இன்னும் தெளிவு வேண்டும். சத்தம் வர வேண்டுமா? எவ்வளவு காற்றை வெளியே விடுவது? திரும்பல் உள்ள சான்சின், திரும்பல் இல்லாத சான்சின் என்று இரண்டு பார்க்கிறேன், எதில் தொடங்குவது?

#7 அசாதோ வாசல்

கையை இழுக்கும்போது மூக்கு வழியாக உள்ளே. குத்தும்போது வாய் வழியாக வெளியே. காற்று மார்பை உயர்த்தக் கூடாது. தொப்புளுக்கு மூன்று விரல் கீழே உள்ள தான்தென்னுக்குப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் அங்கே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். உதரவிதானம் கீழே இறங்கி அடிவயிறும் இடுப்பின் பக்கங்களும் விரிவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. இடுப்புப் பெல்ட் முன்னே மட்டுமல்லாமல் முதுகுப் பக்கமும் இறுகுவது தெரிந்தால் மூச்சு சரியான இடத்துக்குப் போகிறது.

காற்று முழுவதையும் காலி செய்யாதீர்கள். கடைசிச் சொட்டுவரை பிழிந்தால் அடுத்த மூச்சை அவசரமாக இழுக்க வேண்டி வரும், தோள் தூக்கிக்கொள்ளும், எதிராளி அடிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கொஞ்சம் உள்ளே மிச்சம் இருக்கட்டும்.

சத்தம்: திறந்த தொண்டை வழியே அழுத்தத்தோடு காற்று போனால் தானாக ஒரு ஒலி வரும், கண்ணாடியில் ஊதி ஆவி பிடிக்க வைக்கும்போது வருமே அந்த மாதிரி. தொண்டையைக் கரகரக்க வைத்து வரவழைக்கும் உறுமல் வேறு. கட்டா முடிந்து தொண்டை எரிந்தால் சத்தத்தை நீங்கள் தயாரித்திருக்கிறீர்கள். மூச்சும் கையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிய வேண்டும். கை நின்ற பிறகும் காற்று போய்க்கொண்டிருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு.

மியாகியின் வடிவத்தில் திரும்பல் இல்லை, முன்னே போய்ப் பின்னே வருவது. ஹிகாஒன்னாவின் பெயரால் வழங்குவதில் திரும்பல் உண்டு. திரும்பல் இல்லாததில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் பின்னோக்கி வைக்கும் அடியில்தான் இடுப்பு குலைகிறதா என்று தெரியும். அடி எடுக்கும் முன் முன்பாதத்தை நேராக்கிக்கொள்ள மறக்காதீர்கள். அதுதான் அடுத்த நிலையில் பின்கால் ஆகப்போகிறது. உள்ளே திரும்பியபடியே விட்டுவிட்டு உடம்பை முன்னே கொண்டுபோனால் முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்கும். நகரும் கால் அரைவட்டமாக, தரைக்கு மேலே ஒரு தாள் நுழையும் உயரத்தில் போகும். தலை ஏறி இறங்கக் கூடாது. சொரசொரப்பான சிமென்ட் தளத்தில் காலைத் தேய்த்து நடந்தால் தோல் போகும். அங்கே தாளின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

#8 கல்லும் கம்பும்

எல்லாரும் கட்டாவ மட்டும் பேசுறீங்க. ஹோஜோ உந்தோ, அதாவது கருவி வெச்சு செய்யற துணைப் பயிற்சி, இல்லாம சான்சின் இறுக்கம் எங்கருந்து வரும்? கருவி தூக்காத உடம்புக்கு அக்குளுக்குக் கீழ இருக்கற தசை எதுன்னே தெரியாது. அது தெரியாம இறுக்கச் சொன்னா கழுத்தத்தான் இறுக்கும்.

மூணு கருவி போதும். முதல்ல சிஷி. ஒரு பக்கம் மட்டும் கனம் உள்ள கம்பு. வீட்லயே செய்யலாம். கான்கிரீட் லிட்டருக்குச் சுமாரா 2.4 கிலோ. ஒன்னேகால் லிட்டர் அளவுள்ள டப்பாவ அச்சா வெச்சா 3 கிலோ வரும், 800 மில்லி அச்சுல 2 கிலோவுக்குக் கொஞ்சம் கீழ வரும். ஆரம்பிக்கறவங்களுக்கு 2, பழகினவங்களுக்கு 3லருந்து 5. கம்பு நல்லா காஞ்ச கெட்டி மரம், கை சுத்திப் பிடிக்கற தடிமன், 40 செ.மீ. நீளம். அதுல 10 செ.மீ. கான்கிரீட்டுக்குள்ள. உள்ள போற பகுதில நாலஞ்சு ஆணிய குறுக்கும் நெடுக்குமா அடிச்சு, பாதி வெளிய நீட்டிக்கிட்டு விடணும். இத விட்றாதீங்க. மரம் காஞ்சு சுருங்கும், கான்கிரீட் அந்த அளவுக்குச் சுருங்காது. ஆணி இல்லன்னா ஆறு மாசத்துல கம்பு ஆட ஆரம்பிச்சு, ஒரு நாள் சுத்தும்போது கல்லு மட்டும் கழண்டு பறக்கும். ஊத்தினப்புறம் ஒரு வாரம் ஈரத்துணி போட்டு வைங்க, முழு பலம் வர 28 நாள்.

செய்யற விதம்: ஷிகோ-தாச்சில அகலமா உக்காந்த மாதிரி நின்னு, கம்போட நுனிய ஒரு கையால பிடிச்சு, கால் நடுவுலருந்து கல்ல மேல தூக்கி, கை தோள் உயரத்துல நீட்டி, கல்லு செங்குத்தா மேல நிக்கணும். ரெண்டு எண்ற வரைக்கும் நிறுத்தி, மெதுவா இறக்கணும். ஒவ்வொரு கைக்கும் 10, மூணு சுத்து. வீசித் தூக்கினா ஒரு பிரயோசனமும் இல்ல, முழங்கை வெளிப்பக்கம் வலி மட்டும் மிஞ்சும். இறக்கும்போது மணிக்கட்டு மடங்குதுன்னா கல்லு உங்களுக்கு கனம் அதிகம்.

ரெண்டாவது நிகிரி-காமே. வாய் விளிம்பு உள்ள மண்சாடி ரெண்டு. விளிம்ப விரல் நுனியால கவ்விப் பிடிச்சு சான்சின் நடை. விரல கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டுத் தூக்கறது ஏமாத்து வேலை. முதல் மாசம் காலிச் சாடி. அப்புறம் வாரத்துக்கு ஒரு கைப்பிடி மணல். கை உடம்புலருந்து கொஞ்சம் விலகியே இருக்கணும், தோள் கீழ. அப்பதான் அசாதோ மாஸ்டர் சொன்ன பக்கத் தசை தானா வேலை செய்யும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல.

மூணாவது மகிவாரா, குத்திப் பழகற கம்பம். அத தனியா எழுதறேன்.

#9 மாலை வகுப்பு

எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்காக இரண்டு கேள்வி. சான்சின் செய்யும்போது ஆசிரியர் தட்டிப் பார்க்கும் ஷிமேவைப் பிள்ளைகளுக்குச் செய்யலாமா? முதுகில் பலகை உடைப்பதைச் சில மேடைகளில் பார்க்க முடிகிறது, பெற்றோர் அதையே எதிர்பார்க்கிறார்கள். இன்னொன்று, பிள்ளைகள் மகிவாரா அடிக்கலாமா?

#10 தசைநார்

மகிவாரா வேண்டாம். அந்த வயதில் கை எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. கையில் பிடிக்கும் மெத்தைப் பேடில் லேசான குத்து போதும். முஷ்டியின் கோணம் அதிலேயே பழகும். சான்சினிலும் உச்ச இறுக்கம் வேண்டாம். நிலையும் நடையும் மூச்சின் நேரமும் மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

மியாகியே தொடக்கப் பயிற்சிக்காக வேறு கட்டா உருவாக்கினார் என்பதையும் நினைவில் வைக்கலாம். கெகிசாய் தாய்-இச்சி 1940இல் வந்தது, கராத்தேயைப் பரவலாக எல்லோருக்கும் கொண்டுபோகும் நோக்கத்தில். பிள்ளைகளுக்கு அது பொருத்தம்.

#11 அசாதோ வாசல்

ஷிமே என்பது பரிசோதனை. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்ப்பது போல, எங்கே பொள்ளலாக ஒலிக்கிறது என்று ஆசிரியரின் கை கேட்கிறது. பிள்ளைகளுக்கு விரல் நுனியால் தொட்டுக் காட்டினாலே போதும்: "இங்கே, இந்தத் தசை." ஓங்கி அடித்தால் பிள்ளை பயத்தில் முழு உடம்பையும் விறைக்கும், அப்புறம் எந்தத் தசை எது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

பெரியவர்களுக்கும் ஒழுங்கு உண்டு. ஆசிரியர் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையையும் தோளில் வைத்துக் கீழ்நோக்கி அழுத்துவார். தோள் ஏறியிருந்தால் கை அதை உணரும். அடுத்து அக்குளுக்குக் கீழே இருபக்கமும், அடிவயிறு, புட்டம், தொடை. குத்து நீண்டிருக்கும்போது முஷ்டிக்கு எதிராக உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்ப்பார். விசை பின்குதிகால்வரை போனால் உடம்பு இணைந்திருக்கிறது, இடுப்பில் மடங்கினால் அங்கே துண்டித்திருக்கிறது. அறைவது எப்போதும் மாணவர் மூச்சை விட்டு முடிக்கும் கணத்தில், தசை தடித்த இடத்தில் மட்டும். சிறுநீரகப் பகுதி, முதுகெலும்பு, காது, தொண்டை, முட்டி, இவற்றின்மேல் கை போகவே கூடாது. பலகை உடைப்பது மேடைக்கானது. அதில் ஆசிரியருக்கு எந்தத் தகவலும் கிடைப்பதில்லை, மாணவருக்கும்தான்.

#12 கல்லும் கம்பும்

மகிவாரா. கம்பத்தோட உயிர் அதோட வளைவுதான். மொத்தம் ஏழடி பலகை, ரெண்டரை அடி மண்ணுக்குள்ள. அடில 9 செ.மீ. தடிமன், மேல வர வர இழைச்சு நுனில ஒன்றரை செ.மீ. அடிக்கற இடம் உங்க நெஞ்செலும்பு உயரம், நீங்க நிலைல நிக்கும்போது அளக்கணும், நேரா நிக்கும்போது இல்ல. புதைக்கும்போது முன்பக்கம் அடில ஒரு கல்லு, பின்பக்கம் தரைமட்டத்துல ஒரு கல்லு வெச்சு இறுக்கினா கம்பம் சாயாது. தலைப்பகுதில வைக்கோல் கயிறு சுத்தறதுதான் பழைய முறை.

கையால தள்ளினா ரெண்டு மூணு இஞ்ச் வளையணும். வளையாத கம்பம் சுவர் மாதிரி. அடியோட அதிர்ச்சி முழுக்க மூட்டுக்குத் திரும்பி வரும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்த முட்டி ரெண்டும்தான் படணும். சுண்டுவிரல் பக்கம் பட்டா அந்த எலும்பு உடையறதுக்கு வாய்ப்பு அதிகம். பட்டதும் எடுத்துடாம, கம்பம் வளைஞ்சு போற வரைக்கும் தள்ளி ஒரு கணம் நிறுத்துங்க. அங்கதான் சான்சின் தெரியும்: குதிகால் எழும்புதா, தோள் ஏறுதா, இடுப்பு பின்வாங்குதா. ஒரு கைக்கு 20, ஒரு நாள் விட்டு ஒரு நாள், இப்படி மூணு மாசம். தோல் கிழிஞ்சா ஆறுற வரைக்கும் தொடாதீங்க. விரல் முட்டி வீங்கற வரைக்கும் அடிக்கறது பயிற்சியே இல்ல.

#13 காஞ்சி வழி

வரலாறு பேசியதால் கேட்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர்தான் ஷாவோலினில் இந்தக் கலைகளைத் தொடங்கினார், சான்சின் மூச்சும் அவருடையதுதான் என்று நம் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். அதை யாரும் குறிப்பிடவில்லையே?

#14 பதிவேடு

குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு, சகோ. போதிதர்மர் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகள் இரண்டு. 547 வாக்கில் யாங் சுவான்ஜி எழுதியதில் அவர் மேற்குத் திசையிலிருந்து வந்த பாரசீகத் துறவி. தான்லின் எழுதியதில் அவர் தென்னிந்தியர், ஒரு பெரிய அரசரின் மூன்றாம் மகன். தென்னிந்தியத் தொடர்புக்கு இடம் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் சண்டைக்கலை பற்றி ஒரு சொல் கூட இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைப்பது தசைநார் மாற்றச் சுவடி என்ற யிஜின் ஜிங். அதன் முன்னுரை ஒன்றில் உள்ள ஆண்டு 1624. அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிறகு. அதில் உள்ள பழைய முன்னுரைகள் போலி என்பது ஆய்வாளர்களின் முடிவு.

சான்சினின் நேரடி வேர் ஃபுஜியானின் தென்சீனக் கைக்கலைகளில், குறிப்பாக வெள்ளைக் கொக்கு வழியில் இருக்கிறது. அங்கே இதே பெயரில், "மூன்று போர்" என்ற பொருளில், இன்றும் வடிவங்கள் வழங்குகின்றன. நமக்குப் பெருமை சேர்க்கிறது என்பதற்காக ஆதாரம் இல்லாத கதையைக் கட்டாவின் மேல் ஏற்றினால், உண்மையில் இதைக் காப்பாற்றி வைத்த ஃபூஜோ ஆசிரியர்களையும் நாஹா ஆசிரியர்களையும் மறைத்துவிடுகிறோம். அது எனக்கு வருத்தமான விஷயம்.

#15 திறந்த கை

பதிவேடுக்கு ஒரு கேள்வி. சான்சின் கடினம், தென்ஷோ மென்மை என்றீர்கள். அப்படியானால் "கோ" ஒரு கட்டா, "ஜூ" ஒரு கட்டா, சேர்த்தால் கோஜு என்று ஆகிவிடுமா?

#16 பதிவேடு

இல்லை, #5இல் அவசரத்தில் அப்படித் தொனிக்கும்படி எழுதிவிட்டேன். பெயர் வந்த இடத்தைப் பார்த்தால் தெளிவாகும். 1930இல் ஷின்ஸாதோ டோக்கியோவில் ஒரு செயல்விளக்கம் தந்தபோது உங்கள் பாணியின் பெயர் என்ன என்று கேட்டார்கள். சொல்ல அவரிடம் பெயர் இல்லை. அதன் பிறகு மியாகி, ஒகினாவாவில் கையெழுத்துப் படியாக வழங்கிய புபிஷி என்ற சீனச் சுவடியின் எட்டு வரிகளிலிருந்து பெயரை எடுத்தார். 1933இல் ஜப்பானின் தற்காப்புக் கலைச் சங்கமான தாய் நிப்போன் புதோகுகாயில் அது பதிவானது. அந்த வரி மூச்சைப் பற்றியது: உள்வாங்குவதிலும் வெளிவிடுவதிலும் கடினமும் குழைவும் இருக்கிறது என்பது அதன் சாரம். ஆக ஒரே மூச்சுக்குள் இரண்டும் உண்டு. அசாதோ மாஸ்டர் #2இல் எழுதிய "இழுக்கும்போது பாதிக்கும் கீழே, குத்து முடியும்போது உச்சம்" என்பது அந்த வரியின் நேரடிப் பயிற்சி.

"ஜூ" என்ற எழுத்தும் ஜூடோவில் வரும் அதே எழுத்துதான். பலவீனம் என்ற பொருள் அதில் கிடையாது, நாணல் வளைவது போன்ற குழைவு. அதே எட்டு வரிகளில் கண் நான்கு திசை பார்க்க வேண்டும், காது எட்டுத் திசை கேட்க வேண்டும் என்றும் வருகிறது. சான்சினில் கண் ஓரிடத்தில் வெறித்து நின்றால் அந்த வரி விட்டுப்போனது என்று எடுத்துக்கொள்ளலாம்.

#17 அசாதோ வாசல்

கடினமும் குழைவும் புரிய வேண்டுமென்றால் காகியே செய்யுங்கள். இருவர் எதிரெதிரே சான்சின் நிலையில் நின்று, மணிக்கட்டின் வெளிப்பக்கம் தொட்டுக்கொண்டு, ஒருவர் மெதுவாக மார்பை நோக்கித் தள்ள, மற்றவர் அதை ஏற்றுத் தன் பக்கம் வாங்கி, திருப்பித் தள்ளுவார். தொடர்பு அறவே விடக் கூடாது. ஒரு கைக்கு ஐந்து நிமிடம்.

தள்ளுகிறவர் தோளால் தள்ளினால், வாங்குகிறவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும் முன்னே சரிவார். வாங்குகிறவர் முரட்டுத்தனமாக எதிர்த்தால் முன்கை மரக்கட்டை ஆகும், எதிராளி திசையை மாற்றினால் அதைப் பிடிக்க முடியாது. முழங்கை கீழே, தோள் கீழே, இடுப்பு அமர்ந்து, கை மட்டும் தோல்வழியே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உடம்பின் நடு கெட்டியாக, கை குழைவாக. இதைச் செய்துவிட்டு உடனே சான்சின் செய்தால் தோள் தானாக இறங்கியிருக்கும். வெறுங்கை, உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

மியாகி எழுதிவைத்ததாகச் சொல்லப்படும் ஒரு கருத்து உண்டு: பிறரால் அடிபடாமல், பிறரை அடிக்காமல், அசம்பாவிதம் எதுவும் நடக்காமல் இருப்பதே அடிப்படை. காகியேயில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, ஆனால் இருவருமே மற்றவரின் சமநிலையைக் கையில் வைத்திருக்கிறார்கள். இதை முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.

#18 வெறுங்கை

எல்லோருக்கும் நன்றி. வரிசை இப்படி வைக்கலாமா: கால்விரலில் தொடங்கும் ஜுன்பி உந்தோ (உடம்பைத் தயார்ப்படுத்தும் பயிற்சி) 15 நிமிடம், சிஷியும் சாடியும் 15, காகியே 10, பிறகு சான்சின் இரண்டு தடவை, தென்ஷோ ஒரு தடவை? மகிவாரா ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

#19 அசாதோ வாசல்

நல்ல வரிசை. சான்சின் ஒன்றை லேசாகவும் ஒன்றை இறுக்கத்தோடும் செய்யுங்கள், லேசானது முதலில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. தனியாகச் செய்கிற நாட்களில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பின் குலைவு முன்பக்கத்திலிருந்து தெரியாது.

#20 கல்லும் கம்பும்

சிஷி ஊத்தறதுக்கு முன்னாடி அச்சுக்கு உள்பக்கம் எண்ணெய் தடவுங்க, இல்லன்னா டப்பாவ வெட்டித்தான் எடுக்கணும். கம்பு நேரா நிக்க டப்பா வாய்க்குக் குறுக்க ரெண்டு குச்சி வெச்சு கயிறால கட்டிட்டு, ஒரு நாள் முழுக்க அசைக்காம விடுங்க. கம்பு சாஞ்சு இறுகிட்டா தூக்கும்போது கல்லு ஒரு பக்கமா இழுக்கும், மணிக்கட்டு அதுக்கேத்த மாதிரி தப்பாப் பழகிடும்.